ஜாக்கி வேலையும் கன்னி மூலைத் தொட்டியும்

போன வாரம் டீக்கடையில் ஒருத்தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்தாளுக்குப் போயி ஊரே ஜாக்கி வைக்குது பாருங்க." யாரோ ஒரு நடிகர். படம் ஓடவில்லையாம், ஓடுவதாக நாலு பேர் எழுதுகிறார்களாம். அதற்குப் பெயர் ஜாக்கி வைப்பதாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏப்பா, ஒண்ணுமில்லாததத் தூக்குறதுக்கு ஜாக்கி எதுக்கு? கையாலயே தூக்கிறலாமே?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து எழுந்து போய்விட்டான். டீக்கடைக்காரர் மட்டும், "அண்ணன் வேலைய வஞ்சிட்டான்ல, அதான் கோவம்" என்று சிரித்தார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? நாற்பது வருஷம் நான் ஜாக்கி வைத்தவன். கனமான பொருளுக்கு, நிஜமான பொருளுக்கு, அங்குலம் அங்குலமாக. அந்தச் சொல்லை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போய் என்னென்னவோ செய்துவிட்டார்கள். லாரிக்காரருக்கு ஜாக்கி என்றால் பஞ்சர். சீட்டு ஆடுகிறவருக்கு ராணிக்குக் கீழே இருக்கும் படம். என் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், "பொண்ணோட அப்பா என்ன செய்றாரு?" என்று கேட்டார்கள். "ஜாக்கி வேலை" என்றேன். மாப்பிள்ளையின் அத்தை முகமெல்லாம் மலர்ந்து, "எந்த எஃப்எம்லங்க?" என்றார். குதிரை ஓட்டுகிறவனா என்று கேட்காமல் விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்.

வீடு தூக்குகிற வேலை, ஐயா! ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, தெரு மேலே போய் வீடு கீழே போய்விடுகிறது. ஒரு மழைக்கு வாசல் வழியாகத் தண்ணீர் அடுப்படி வரை வந்துவிடும். அப்போது எங்களைக் கூப்பிடுவார்கள். வீட்டை இடிக்காமல் அப்படியே மூன்றடி, நாலடி உயர்த்திக் கொடுப்போம். இப்போது எல்லாவற்றுக்கும் மிஷின் வந்துவிட்டது. ஒரு பலகையில் படம் தெரிகிறது, விரலால் தொட்டால் வீடு ஏறுகிறது. அந்த மிஷின் வைத்திருக்கிற கம்பெனிக்காரர்கள்தான், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார்" என்று என்னை நச்சரிக்கிறார்கள். சரி, எழுதுகிறேன். கேட்டவர்களுக்குப் பிடிக்குமா என்பது எனக்குத் தெரியாது.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து வருஷம் லாரிப் பட்டறை, பிறகு பத்து வருஷம் வேடசந்தூர்ப் பக்கம் மில்களில் மிஷின் இறக்கி லெவல் பார்க்கிற வேலை. அங்கே ஜாக்கி என்பது தூக்குவதற்கு இல்லை. ஒரு காகிதத்தின் தடிமன் அளவுக்கு மிஷினின் காலை ஏற்றி இறக்குவதற்கு. அதற்குப் பிறகுதான் காதர் பாயிடம் வீட்டு வேலைக்கு வந்தேன்.

காதர் பாய் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் ஒரு விசில். வேலை நடக்கும்போது அவர் வாயிலிருந்து விசிலைத் தவிர வேறு சத்தம் வராது. திட்ட மாட்டார். தப்புச் செய்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் ஜாக்கியைச் செத்த நேரம் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

முறை இதுதான். சுவரை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் பள்ளம் தோண்டுவோம். அஸ்திவாரத்துக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை போட்டு, அடியில் இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைப்போம். சுவருக்குக் கீழே இரும்புச் சட்டம் போகும். நடுத்தரமான வீட்டுக்கு நூற்று நாற்பது ஜாக்கி. ஆளுக்குப் பத்து என்று பதினாலு பேர். பாய் ஒரு விசில் கொடுத்தால் அவனவன் தன் பத்து ஜாக்கியையும் கம்பி போட்டுக் கால் சுற்றுச் சுற்றுவான். கால் சுற்றுதான். கூட ஒரு இம்மி சுற்றினால் சுவர் உங்களைக் கேள்வி கேட்கும். சுற்றி முடித்தவன் கையைத் தூக்க வேண்டும். பதினாலு கையும் மேலே வந்த பிறகு பாய் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மூலைக்கு மூலை லெவல் பார்ப்பார். பிறகு அடுத்த விசில். ஏற ஏறக் கட்டை கொடுத்துக்கொண்டே வருவோம்.

தொடங்குவதற்கு முன்னால் சுவரில் இருக்கிற பழைய விரிசல்கள் மேலும், சந்தேகமான மூலைகளிலும் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டுவார். சுவர் அசைந்தால் கண்ணாடி பொறுக்காது, பட்டென்று விட்டுவிடும். "நம்ம பதினாலு பேரும் பொய் சொல்லலாம், இது சொல்லாது" என்பார். வேலை நேரத்தில் வழக்கமாக அவர் பேசுகிற நீளமான வாக்கியம் அதுதான்.

இனி லூர்து டீச்சர் வீட்டுக்கு வருகிறேன். பதினைந்து வருஷம் இருக்கும். இங்கே திண்டுக்கல் டவுனுக்குள்தான். டீச்சர் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் சேவியர் சென்னையில் வங்கியில் இருந்தார். "இடிச்சு வித்துட்டு எங்கூட வந்துருங்க" என்பது அவர் கட்சி. "நான் செத்தாலும் இந்த வீட்டுலதான்" என்பது டீச்சர் கட்சி. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வீட்டைத் தூக்கிப் பார்ப்பது. நல்லபடியாக ஏறினால் டீச்சர் இருக்கலாம். சுவரில் ஒரு விரிசல் விழுந்தாலும் வீட்டை விற்றுவிட்டு மூட்டை கட்ட வேண்டியது. இதை டீச்சரே முதல் நாள் எங்களிடம் சொன்னார். பதினாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, வகுப்பில் சொல்வது மாதிரி சொன்னார்.

"வீடு ஏறலைன்னா நான் எட்டாவது மாடில போயி ஒக்காரணும். அங்க எனக்கு ஆரையும் தெரியாது. பாத்துச் செய்ங்கப்பா."

எதிரே ஒரு வீட்டில் ஒற்றை அறை பிடித்து அங்கே இருந்துகொண்டார். பாய் போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு. ஒன்று, வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது. இரண்டு, மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. அந்தத் தொட்டி செங்கல் வைத்துக் கட்டியது. வாஸ்துப்படி கன்னி மூலையில், அடுப்படிக்கு நேர் மேலே இருந்தது. இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். அதாவது நிரப்பினால் இரண்டு டன். பாய் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். டீச்சர் இரண்டு தடவையும் தலையை ஆட்டினார்.

டீச்சருக்கு எங்கள் வேலையில் ஒரே ஆர்வம். நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ஜாக்கி என்கிற சொல்லைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். இங்கிலீஷ்காரன் ஊரில் ஜாக் என்பது குப்பன், சுப்பன் மாதிரி ஆளாளுக்கு இருக்கிற பெயராம். எடுபிடிக்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பிறகு எடுபிடி செய்கிற வேலையை ஒரு கருவி செய்ய ஆரம்பித்ததும் அதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்களாம். பூட்ஸ் கழற்றுகிற கட்டைக்கு ஜாக், கறி சுடுகிற கம்பியைச் சுற்றுகிற பொறிக்கு ஜாக், பாரம் தூக்குகிற கருவிக்கும் ஜாக். குதிரை ஓட்டுகிற பையனும் அதே குப்பன்தானாம்.

"அப்ப இது மனுசன் பேருதான் டீச்சர்?" என்றேன்.

"ஆமா. ஒன்னோட பேருன்னே வச்சுக்க" என்றார்.

எனக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள். வீடு ஒன்றேகால் அடி ஏறியிருந்தது. கன்னி மூலை என் பொறுப்பு. மத்தியானம் ஒரு ஜாக்கி இறுகிப்போய்க் கம்பி நகரவில்லை. பாரம் கூடிவிட்டதோ என்று பயந்து கூப்பாடு போட்டேன். பதினாலு பேரும் நின்றார்கள். பாய் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். மரையில் மணல் புகுந்திருந்தது, அவ்வளவுதான். துடைத்து எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது. பாய் அடுத்த விசிலுக்கு மேலே ஏறிவிட்டார். மற்றவர்கள் சும்மா விடுவார்களா? "அந்தோணிக்குக் கை வலிக்குதாம்ப்பா, ஆரஞ்சுச் சாறு வாங்கிக் குடுங்க" என்று சாயங்காலம் வரை ஓட்டினார்கள். எட்டு வருஷம் இதே வேலை செய்தவனை!

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு முதல் விசில். என்னுடைய ஏழாவது ஜாக்கியில் கம்பியைப் போட்டுத் தள்ளினேன். கனமாக இருந்தது. எட்டாவதும் கனம், ஒன்பதாவதும் கனம். மணல் இறுக்கம் வேறு, பாரம் வேறு. மணல் கரகரவென்று பிடிக்கும், பாரம் ஊமையாக அழுத்தும். என் கைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் ஆரஞ்சுச் சாறா என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முழு எடையையும் கம்பிமேல் போட்டுச் சுற்றி முடித்தேன். கையைத் தூக்கினேன்.

இரண்டாவது விசிலுக்கும் அப்படியே செய்தேன். மூன்றாவது சுற்றில் அடுப்படிச் சுவரில் பட்டென்று ஒரு சத்தம்.

பாய் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். எல்லாரும் கம்பியை விட்டுவிட்டோம். அவர் நேரே அடுப்படி ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடித் துண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பாய் பள்ளத்தில் இறங்கித் தகடுகளைத் தடவிப் பார்த்தார். என் பக்கத்துத் தகடுகள் ஒரு விரல் அளவு மண்ணில் இறங்கியிருந்தன. அவர் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். பிறகு தெருவில் நின்ற டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, தொட்டில தண்ணி இருக்கா?"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளன அஞ்சு மணிக்குக் குழாய்ல தண்ணி வந்துச்சு பாய். பன்னெண்டு நாள் கழிச்சு வருது. அந்த ஒத்த ரூம்புல எதுல பிடிச்சு வைக்கிறது? மோட்டாரப் போட்டு ஓஸ் வழியா..."

"நெறைய ஏத்திட்டீகளா?"

"ரொம்பிருச்சு பாய்."

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்வது? வீடு அந்தரத்தில் நிற்கிறது, குழாயில் காற்று வருகிற சத்தம் கேட்டால் போதும், கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போய்விடும். குழந்தை அழுதாலும் பால் பொங்கினாலும் முதலில் தண்ணீர். என் வீட்டுக்காரியும் அதைத்தான் செய்திருப்பாள். நானும் செய்திருப்பேன். அதுதான் ஆத்திரமாக வருகிறது.

தொட்டியைத் திறந்துவிட முடியாது. கீழே வருகிற குழாயைப் பள்ளத்தில்தான் வெட்டி விட்டிருந்தோம். திறந்தால் இரண்டாயிரம் லிட்டரும் ஜாக்கிக்கு அடியில் போய் மண்ணைக் கரைத்துவிடும். எல்லாருமாக மாடிக்கு ஏறி மொண்டு இறக்கவும் முடியாது, அந்தப் பாரம் வேறு சேரும். பாய் தான் மட்டும் ஏறினார். டீச்சர் தண்ணீர் ஏற்றிய அதே ஓஸ் குழாயைத் தொட்டிக்குள் அமுக்கி, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தெருவுக்கு இறக்கினார். தெருமுனை வரைக்கும் சேதி பறந்தது. பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்களோடு பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். அவர்களுக்கென்ன, கொண்டாட்டம்.

"இருவது குடத்துக்கு ஒருக்கா ஓஸ மடக்கிப் பிடிங்கம்மா. நாங்க கீழ லெவல் பாக்கணும்" என்று பாய் குழாயை டீச்சர் கையில் கொடுத்தார்.

தன்னுடைய பன்னிரண்டு நாள் தண்ணீரை டீச்சரே தெருவுக்கு ஊற்றினார். வருகைப் பதிவு எடுப்பது மாதிரி எண்ணினார். இருபது வந்ததும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், பாருங்க" என்பார். நான் பள்ளத்தில் மல்லாந்து கிடந்து ஒரு ஜாக்கிக்கு அரைக்கால் சுற்றுக் கொடுப்பேன். மறுபடி, "ஒண்ணு, ரெண்டு..." நடுவில் யாரோ ஒருத்தி இரண்டாவது குடம் கொண்டுவந்ததற்கு அவளை ஒரு பிடி பிடித்தார். குரல் மட்டும் அழுகிற குரலாக இருந்தது. தொட்டி காலியாக மத்தியானம் ஆகிவிட்டது. மூலை பழைய லெவலுக்கு வந்தது. கோடு மட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வருவதாக இருந்தது. சனிக்கிழமை டீச்சர் பாயிடம் வந்து கெஞ்சினார். "லேசா சிமெண்ட் பூசி வெள்ளையடிச்சு விட்ருங்க பாய். அவனுக்குத் தெரியவா போகுது?"

"பூசிட்டா எனக்கும் தெரியாமப் போயிரும்மா" என்றார் பாய்.

சேவியர் மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே வந்தார். கோட்டைப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். டீச்சர், "நாந்தான் தண்ணி ஏத்துனேன். பாய் வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னாரு" என்றார். மகன் பிடித்த பிடி இருக்கிறதே! வயதான காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்கிறதில்லை, பிடிவாதம், தெருவே சிரிக்கிறது என்று எங்கள் பதினாலு பேருக்கு முன்னால் வைத்து அந்த அம்மாவைக் கிழித்துவிட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் நாலு அடி தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றிலேயே எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் விசிலில் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்காது. சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பாய்தான் பேசினார். "தம்பி, என் வேலைல நடந்தது, என் பொறுப்பு. கோட்டு மேல புதுக் கண்ணாடி ஒட்டுறேன். வேலைய முடிக்கிறோம். ஒரு மாசம் பாருங்க. ஒடஞ்சா வித்துருங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒடையலேன்னா அம்மா இருக்கட்டும்."

சேவியர் யோசித்து ஒப்புக்கொண்டார். வீடு மூன்றரை அடி ஏறியது, அடியில் சுவர் எழுப்பி ஜாக்கிகளை உருவினோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் சைக்கிளை அந்தத் தெரு வழியாக விட்டு, ஜன்னல் வழியே அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். டீச்சர், "என்னப்பா, ஒனக்குத் தூக்கம் வரலையா?" என்பார். கண்ணாடி உடையவில்லை. டீச்சர் அந்த வீட்டிலேயே இருந்தார்.

பாய் என்னிடம் இதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் அடுத்த வீட்டிலிருந்து தொட்டி இருக்கிற மூலையை எனக்கே கொடுத்தார். ஒவ்வொரு நாளும் முதல் விசிலுக்குப் பிறகு என் பள்ளத்தின் விளிம்பில் வந்து குந்துவார். "அந்தோணி, கனமா இருக்கா?" என்பார். மற்ற பதிமூன்று பேரிடமும் கேட்க மாட்டார். அவர் வேலையை விடுகிற நாள் வரைக்கும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

இனிமேல் நடந்ததைக் கேளுங்கள். தெருவில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டார்கள். நாங்கள் தூக்கிய மூன்றரை அடியில் இன்றைக்கு ஒரு படிதான் மிச்சம். போன மாதம் டீச்சர் எனக்குப் போன் போட்டார். "அந்தோணி, மறுக்காத் தூக்குறாங்க. மிசின் கம்பெனி. நீ வந்து சும்மா நில்லு. எனக்கு அது போதும்."

போனேன். டீச்சருக்கு எழுபத்தேழு வயது. எதிர்வீட்டு வாசலில் அதே மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன், மரியாதையான பிள்ளை. பலகையைக் காட்டி விளக்கினான். ஒவ்வொரு ஜாக்கியிலும் எவ்வளவு பாரம் என்று தெரிகிறது. எல்லாம் பச்சை. கன்னி மூலையில் மட்டும் நாலு சிவப்பு.

"இது என்ன தம்பி?"

"அது சென்சார் கோளாறுங்க. நேத்தும் இப்படித்தானுங்க வந்துச்சு. எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தா ஒண்ணுமே இல்லைங்க, ஒயர் லூசு. பசங்க எல்லாம் சிரிச்சுப்போட்டாங்க. அதான் இன்னைக்கு ரீசெட் பண்ணிட்டு ஏத்திறலாம்னு..."

வாயில் நல்லதாக நாலு வார்த்தை வந்தது. முழுங்கிக்கொண்டேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? படிக்கட்டைப் பிடித்து மாடிக்கு ஏறினேன். மூட்டு இரண்டும் கத்தியது. தொட்டி மூடியைத் தள்ளினேன். விளிம்பு வரை தண்ணீர், வானம் தெரிந்தது.

"கனமா இருக்கு! நிப்பாட்டுங்கடா! கனமா இருக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கீழே அந்தப் பையன் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து, "கத்தாதய்யா. பதினாலு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றார்.

ஓஸைத் தொட்டிக்குள் விட்டுத் தெருவுக்கு இறக்கினேன். கீழே வந்து அதே மாதிரி உறிஞ்சினேன். குடங்கள் வந்து சேர்ந்தன. டீச்சர் கேட்காமலே வந்து குழாயை வாங்கிக்கொண்டார். இருபதுக்கு ஒரு தடவை மடக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் வந்து நின்றான். "எப்படிங்க ஐயா கண்டுபிடிச்சீங்க?"

"போன தடவ என் கைக்குக் கனமா இருந்துச்சு தம்பி. அன்னைக்கும் தொட்டி ரொம்பியிருந்துச்சு. பாரம் ஏறியிருக்குன்னு முதல் விசில்லயே எனக்குத் தெரிஞ்சிருச்சு. சிரிப்பாங்களேன்னு சொல்லல. அதுலதான் அந்தச் சுவரு விட்டுச்சு."

பையனுக்குச் சொன்னேனா, டீச்சருக்குச் சொன்னேனா என்று தெரியவில்லை. பதிமூன்றாவது குடம் பாதியில் இருந்தது. டீச்சர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அம்புட்டு வருசமா இதச் சொல்ல ஒனக்கு வாய் வரல?"

"வரல டீச்சர்."

"நான் ஒத்தையா நின்னு எம் மகன்கிட்ட ஏச்சு வாங்குனேன். நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா டீச்சர்."

குழாயை என் கையில் திணித்துவிட்டு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். குடத்தோடு நின்ற பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பதிமூணு" என்றார் டீச்சர் அங்கிருந்தபடியே. "நின்னு ஒழுங்கா ஊத்து. நான் எண்றேன்."